பாஷ்கீரில் ‘மற்றும்’ எங்கே போனது?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2023

தனியாக உட்கார்ந்து பாஷ்கீர் மொழி (ருஷ்யாவில் பேசப்படும் ஒரு துருக்கியக் குடும்ப மொழி) படித்து வருகிறேன். ‘மற்றும்’ என்பதற்கு ‘ஹேம்’ என்று அகராதி சொல்கிறது. ஆனால் கிராமத்துப் பாட்டி ஒருவர் சமைக்கும் காணொளியை அரை மணி நேரம் பார்த்தேன், ஒரு ஹேம்கூடக் காதில் விழவில்லை. நான் எழுதியதைப் பார்த்த பாஷ்கீர்க்காரர் ஒருவர் “செய்தித்தாள் மாதிரி எழுதுகிறாய்” என்கிறார். இணைப்புச் சொல்லே இல்லாமல் இவர்கள் எப்படித்தான் பேசுகிறார்கள்?

4 பிப்ரவரி, இரவு

பாட்டி பேசியது சரிதான். நீங்கள் தமிழில் சமையல் சொல்லும்போது எத்தனை ‘மற்றும்’ போடுகிறீர்கள்? “வெங்காயத்தை நறுக்கி, எண்ணெயில் வதக்கி, உப்புப் போட்டு இறக்கு.” அவர்களும் அப்படித்தான். ஹேமைத் தேடுவதை விட்டுவிட்டு வினையின் வாலைக் கவனியுங்கள்.

5 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாஷ்கீர்களின் தலைநகரான உஃபாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். நகரத்தில் காதில் விழுவது பெரும்பாலும் ருஷ்யன். பாஷ்கீர் எனக்குக் கிடைத்தது இரண்டு இடங்களில்: என் அறைத்தோழனின் ஊரில், அவன் பாட்டி வீட்டுச் சமையலறையில், அப்புறம் கிராமங்களிலிருந்து வந்து வார்டில் படுத்திருந்த வயதானவர்களிடம். இலக்கணப் புத்தகம் கையில் வந்ததெல்லாம் பிறகுதான். ஆகவே நான் சொல்வதில் காதால் கேட்டது அதிகம், படித்தது குறைவு.

முதலில் இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

உல் தொரொப், யிவினிப், ஸேய் எஸெப், எஷ்கே கித்தெ.

உல் என்றால் அவன். தொரொப், எழுந்து. யிவினிப், முகம் கைகால் கழுவி. ஸேய் எஸெப், டீ குடித்து. எஷ்கே, வேலைக்கு. கித்தெ, போனான். “அவன் எழுந்து, முகம் கழுவி, டீ குடித்து, வேலைக்குப் போனான்.” ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. அந்த ‘ப்’ தான் நம் வினையெச்சத்தின் ‘து’, ‘இ’. கடைசி வினை மட்டும் காலம், ஆள் எல்லாம் காட்டும்; முன்னால் நிற்பவை வெறும் ‘ப்’ போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்.

ஹேமைப் போட்டு இதையே எழுதலாம், தப்பில்லை. ஆனால் “அவன் எழுந்தான் மற்றும் முகம் கழுவினான் மற்றும் டீ குடித்தான்” என்று தமிழில் ஒருவர் எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? உங்கள் பாஷ்கீர்க்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

(ஒலிபெயர்ப்பு பற்றி: ஏகாரம் போட்டிருக்கும் இடங்களில் நீட்டாதீர்கள். ‘பேங்க்’ என்று சொல்லும்போது வாய் எப்படித் திறக்குமோ அப்படி, ஆனால் குறிலாக. தமிழ் எழுத்தில் இதற்கு வழி இல்லை.)

5 பிப்ரவரி, மீண்டும்

வார்டு என்றதும் ஒரு கதை நினைவுக்கு வந்தது. நான்காம் வருடம். ஒரு பாட்டியிடம் நோய் வரலாறு எழுதச் சொன்னார்கள். ருஷ்யன் அவருக்குத் தடுமாறும், பாஷ்கீர் எனக்குத் தடுமாறும். அவர் சொன்னது:

தருவ் எஸ்ஹேம் தே பஷ் அவுர்த.

தருவ், மருந்து. பஷ், தலை. அவுர்த, வலிக்கிறது. நடுவில் தெளிவாக ஒரு ‘ஹேம்’! அகராதிச் சொல் ஒருவழியாகக் காதில் விழுந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ‘மருந்து மற்றும் தலைவலி’ என்று புரிந்துகொண்டு, மருந்தினால் தலைவலி என்று குறிப்பு எழுதினேன். மூத்த டாக்டர் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல், அடித்தார். குறிப்பைத்தான்.

பாட்டி சொன்னது “மருந்து குடித்தாலும் தலை வலிக்கிறது.” எஸ்ஹேம் என்றால் நான் குடித்தால். தே என்றால் உம். நான் கேட்ட ஹேம் இணைப்புச் சொல்லே இல்லை. ‘குடித்தால்’ என்பதன் வால் அது.

விடுதியில் இதைச் சொன்னபோது வட இந்தியப் பையன்கள் வேறு காரணத்துக்காகச் சிரித்தார்கள். இந்தியில் ‘தாரு’ என்றால் சரக்கு. பாரசீகத்தில் அது மருந்து, பாஷ்கீருக்கு மருந்தாகவே போய்ச் சேர்ந்தது, நம் பக்கம் வரும் வழியில் கெட்டுப்போயிருக்கிறது. “தாரு குடித்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்” என்று ஒரு வாரம் ஓட்டினார்கள்.

7 பிப்ரவரி

இந்தி தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பாஷ்கீர் இணைப்புச் சொல் பட்டியலை எடுத்தால் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். லேகின் என்றால் ஆனால், இந்தியிலும் அதே. ஏகேர் ‘வந்தால்’, ‘போனால்’ போன்ற நிபந்தனைக்கு முன்னால் வரும் சொல், இந்தியின் அகர். யே… யே என்றால் இதுவோ அதுவோ; இந்தியின் யா. ஸொன்கி என்றால் ஏனென்றால், இந்தியின் சூன்கி. எல்லாம் அரபி, பாரசீகச் சரக்கு. மதராசா படிப்பு, எழுத்து மொழி வழியாக அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம் போய் இறங்கியவை. ஹேமும் பாரசீகம்தான்.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்: பேல்கி. இந்தியில் பல்கி என்றால் ‘மாறாக’. பாஷ்கீரில் ‘ஒருவேளை’. நாளை வருவாயா என்று கேட்டால் “பேல்கி” என்பான். ‘மாறாக என்ன?’ என்று காத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அப்புறம், ‘ஆனால்’ என்பதற்கு இன்னொரு சொல் ஏம்மே. இதுவும் அரபி. அறைத்தோழனின் பாட்டி எதைச் சொன்னாலும் நடுவில் நிறுத்தி “ஏம்மே…” என்று இழுப்பார். முதல் நாள் நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ பெண்ணைக் கூப்பிடுகிறாராக்கும் என்று.

ஆகவே என் முடிவு: பாஷ்கீரில் இணைப்புச் சொல் என்று தனியாக நிற்பதெல்லாம் கடன். சொந்தச் சரக்கு முழுவதும் வினைவிகுதியில் இருக்கிறது.

8 பிப்ரவரி

நேற்றைய கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன். தூங்கப் போகும்போதே உறுத்தியது. தனியாக நிற்கும் சொந்தச் சொற்களும் உண்டு, பேச்சில் அவைதான் அதிகம் கேட்கும்.

ஷுக கூரே: ஆகையால். பிரித்தால் ஷுக ‘அதற்கு’, கூரே ‘பார்த்து’. அதைப் பார்த்து, ஆகையால்.

யுக்ஹ: இல்லாவிட்டால். யுக் என்றால் இல்லை, ஹ என்றால் நம் ‘ஆல்’. “குடை எடுத்துக்கொள், யுக்ஹ நனைவாய்.”

ஷுலய் த: இருந்தாலும். சொல்லுக்குச் சொல் ‘அப்படியும்’.

ஷுலய் புல்ஹ ல: அப்படியானாலும். புல் என்றால் ஆகு. புல்ஹ, ஆனால். புல்ஹ ல, ஆனாலும். இதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தமிழின் ‘ஆனால்’ எனக்கே உறைத்தது. ஆகு என்ற வினையின் நிபந்தனை வடிவத்தைத்தான் இத்தனை வருடமாக இணைப்புச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பேன்.

ஆக, நேற்று சொன்னது பாதி சரி. இவை தனிச்சொற்கள்தான், ஆனால் ஒவ்வொன்றையும் சுரண்டினால் உள்ளே ஒரு வினையோ ஓர் ‘உம்’மோ இருக்கிறது. சுரண்டியும் வினை அகப்படாத ஒன்று வெறும் ‘ஏ’. “மின் கித்தெம், ஏ உல் கல்தி”: நான் போனேன், அவனோ இருந்துவிட்டான். நம் ஓகாரம் செய்யும் வேலை. ருஷ்யனில் இதே வேலையை ‘அ’ செய்கிறது, அதனால் நகரத்துப் பிள்ளைகளுக்கு இது சிரமமே இல்லை.

8 பிப்ரவரி

மெனேனை மறந்துவிட்டேன். இரண்டு பெயரை இணைக்கப் பேச்சில் முதலில் வருவது அதுதான். அத்தய் மெனேன் ஏஸேய்: அப்பாவும் அம்மாவும். அடிப்படைப் பொருள் ‘ஓடு’, ‘ஆல்’. கத்தியால் வெட்டினான் என்பதற்கும் இதே மெனேன். பெயர்களோடு மட்டும். இரண்டு முழு வாக்கியத்தை மெனேன் வைத்து ஒட்ட முடியாது.

11 பிப்ரவரி

“தே என்கிறீர்கள், அப்புறம் ல என்கிறீர்கள், இடையில் த வேறு. எது உம்?” என்று கேள்வி. எல்லாமே உம்தான். மொத்தம் எட்டு.

முன்னால் உள்ள சொல்லின் உயிரைப் பார்த்து அகரமா ஏகாரமா என்று முடிவாகும். கடைசி ஒலியைப் பார்த்து மெய் முடிவாகும்:

பலா ல: குழந்தையும். உயிருக்குப் பின் ல.
உர்மான் த: காடும். மெல்லினத்துக்கும் லகரத்துக்கும் பின், ‘வந்தான்’ என்பதில் உள்ள த.
தௌ த: மலையும். ர, ய, வ போன்றவற்றுக்குப் பின், ‘அது’ என்பதில் உள்ள மென்மையான த.
கிதாப் த: புத்தகமும். வல்லொலிக்குப் பின், ‘பத்து’ என்பதில் உள்ள த.

கடைசி மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே த! அவர்கள் மூன்று தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். 42 எழுத்துள்ள அரிச்சுவடியில் ருஷ்யனில் இல்லாதவை 9, அந்த ‘அது’ த அவற்றில் ஒன்று. உஃபாவை ஒட்டி ஓடும் அகிதெல் ஆற்றின் பெயரில் வருவதும் அதே த. ருஷ்யர்கள் அதை அப்படிச் சொல்லத் திணறுவார்கள். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது, ஆசிரியை ஆச்சரியப்பட்டார். நான் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. மெல்லினத்துக்குப் பின் ஒரு மாதிரி, உயிர்களுக்கு நடுவே ஒரு மாதிரி, இரட்டித்தால் ஒரு மாதிரி என்று ஒரே த-வை மூன்றாகச் சொல்லித்தான் வளர்ந்தோம். எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

துருக்கியில் இதே ஒட்டுக்கு இரண்டே வடிவம். அண்டை மொழியான தாத்தாரில் நான்கு. பாஷ்கீர்தான் எட்டுக்குப் போயிருக்கிறது. எழுதும்போது இது முந்திய சொல்லோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். நம் உம் ஒட்டும். இதை மறந்து எழுத்துத் தேர்வில் எல்லாவற்றையும் ஒட்டி எழுதியிருக்கிறேன்.

இரண்டு பெயருக்கும் தனித்தனியாகவும் வரும், எண்ணும்மை போலவே: அத்தய் த, ஏஸேய் தே.

11 பிப்ரவரி, பின்னிரவு

உம் பற்றி இன்னும் ஒன்று, விட மனமில்லை. நி எஷ்லேஹேங் தே. நி, என்ன. எஷ்லேஹேங், நீ செய்தால். தே, உம். என்ன செய்தாலும்! வினாச்சொல், நிபந்தனை, உம். பெர் கெம் தே கில்மேனெ: ஒருவரும் வரவில்லை. இதில் கெம் என்பது ‘யார்’. யார் + உம் = யாரும்.

ஒரு வித்தியாசம்: நமக்குக் ‘குடித்தால்’ எல்லோருக்கும் பொது. அவர்கள் நான் குடித்தால் எஸ்ஹேம், நீ குடித்தால் எஸ்ஹேங், அவன் குடித்தால் எஸ்ஹே என்று ஆள்காட்டுவார்கள்.

14 பிப்ரவரி

எதிர்பார்த்தது வந்துவிட்டது. “அப்படியானால் பாஷ்கீர் தமிழிலிருந்து பிறந்ததா? எஷ்கே என்பதில் நம் ‘கு’ இருக்கிறதே.”

இல்லை.

14 பிப்ரவரி

சரி, காரணமும் சொல்கிறேன். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் சித்தியம் என்று அவர் பெயரிட்ட கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். துருக்கிய மொழிகளும் அதில் அடக்கம். அவர் காலத்தில் அது நியாயமான ஊகம். பின்னால் மொழியியலார் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகளில் இந்த மாதிரி அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது: ஜப்பானியம், கொரியம், மங்கோலியம் எல்லாவற்றிலும் வினையெச்சத்தைச் சங்கிலியாகக் கோப்பார்கள். சொற்களைப் பாருங்கள். தண்ணீர் ஹிவ், கை குல், கண் கூத். எங்கே ஒற்றுமை? ஒரு ‘கே’ பொருந்துவதால் சொந்தம் கொண்டாட முடியாது.

ஆனால் படிப்பதற்கு அந்த ஒற்றுமை உதவுகிறதே, அதை விடாதீர்கள். ருஷ்யன் வழியாகப் பாஷ்கீர் படித்தால் தலைகீழாக நிற்க வேண்டும்.

19 பிப்ரவரி

இந்த இழையில் உண்மையில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது திப்.

தி என்றால் சொல், என். அதன் வினையெச்சம் திப். அதாவது ‘என்று’. “உல் கிலே திப் ஏய்த்தெ”: அவன் வருகிறான் என்று சொன்னான். “ஹினெ கூரேயெம் திப் கில்தெம்”: உன்னைப் பார்க்கலாம் என்று வந்தேன். இரண்டாவதில் யாரும் எதையும் சொல்லவில்லை, நோக்கம் மட்டும். நாமும் அப்படித்தான் ‘என்று’ போடுகிறோம். பெயரெச்சம் திகேன்: “ஒஃபொ திகேன் கலா”, உஃபா என்கிற நகரம். (அவர்கள் வாயில் உஃபா ஒஃபொ ஆகும்.)

ஏனென்றால் என்பதற்கு மேலே ஸொன்கி சொன்னேன். அது கடன் சொல். சொந்தமாகச் சொல்ல வேண்டுமென்றால்: நி ஒஸொன் திஹேங். நி ஒஸொன், எதற்காக. திஹேங், நீ என்றால். ஏன் + என்றால்! அறைத்தோழனிடம் இதைக் காட்டி, எங்கள் மொழியிலும் இதே கட்டுமானம் என்று குதித்தேன். அவன் திஹேங்கைப் பிரித்துப் பார்த்ததே இல்லையாம். “அப்படியா” என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு வறுக்கப் போய்விட்டான்.

தெலுங்கில் அனி, சிங்களத்தில் கியலா, வங்காளத்தில் போலே, துருக்கியில் தியே. எல்லாம் சொல், என் என்ற வினையிலிருந்து வந்த ‘என்று’தான். யாரும் யாரிடமும் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை.

20 பிப்ரவரி

என்று = திப் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். ‘படார் என்று மூடினான்’, ‘பளிச்சென்று மின்னியது’, இங்கெல்லாம் திப் வராது. இதெப் வரும், ‘செய்து’. ஷப் இதெப், யல்த் இதெப். ஒலி ‘சொல்வதில்லை’, ‘செய்கிறது’. நான் கதவு “ஷப் திப்” மூடிக்கொண்டது என்று சொன்னேன். கதவு வாயைத் திறந்து ஷப் என்று பேசியதா என்று கேட்டார் பாட்டி. துருக்கியில் இந்த இடத்திலும் தியே வரும், தமிழ் மாதிரியே. அதனால் இது துருக்கிய மொழிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான சொத்து இல்லை.

26 பிப்ரவரி

வார்டுக் கதையில் ஒரு திருத்தம். பழைய நோட்டுப் புத்தகம் பரணிலிருந்து கிடைத்தது. அன்றைக்கு எழுதிய பக்கத்தில் ‘எஸ்ஹேம், குடித்தால், தன்மை ஒருமை’ என்று நானே குறித்து வைத்திருக்கிறேன். அதாவது ஹேமை ‘மற்றும்’ என்று நான் நினைக்கவே இல்லை. ‘குடித்தால்’ சரியாகத்தான் புரிந்திருக்கிறது. தவறவிட்டது தே ஒன்றைத்தான். ம்-க்குப் பின்னால் அது உதட்டுக்குள் போய்விடும், வேகமாகச் சொன்னால் ‘எஸ்ஹேம்தெ’ என்று கரையும்.

இத்தனை வருடம் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிக் கதை மெருகேறிவிட்டது போல. ஹேம் வேடிக்கையாக இருந்ததால் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நடந்ததுதான் இன்னும் மோசம். குடித்தால், குடித்தாலும்: மருந்து கெடுதல் செய்கிறதா, பலிக்கவில்லையா? ஒரு தே-யில் மருத்துவமே தலைகீழாகிறது. மருந்தை நிறுத்துவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பது அந்த அரை மாத்திரையில் தொங்கியது. மூத்தவர் கவனித்தார், பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு ‘தால்’ மாதிரி எது கேட்டாலும் “லே-யா? தே-யா?” என்று திருப்பிக் கேட்பேன். நோயாளிகளுக்கு நான் கொஞ்சம் மந்தம் என்று தோன்றியிருக்கும்.

3 மார்ச்

ஹேமைப் பற்றி மிகவும் கெட்ட பெயர் உண்டாக்கிவிட்டேன். அது செத்த சொல் இல்லை. செய்தித்தாள், அரசு அறிவிப்பு, அலுவலகப் பலகை, புத்தகத் தலைப்பு, பட்டமளிப்புப் பேச்சு எல்லாவற்றிலும் தாராளமாக வரும். நீளமான பட்டியலின் கடைசி உறுப்புக்கு முன்னால் வரும். பள்ளிக் கட்டுரையில் வரும். நம் ‘மற்றும்’ எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே ஏறக்குறைய உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேறுபாடு: அது கவிதைக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழையும். ‘மற்றும்’ போட்ட நல்ல கவிதை ஒன்று காட்டுங்கள் பார்க்கலாம்.

3 மார்ச்

காட்டிவிட்டார்கள். ‘மற்றும் ஒரு நாள்’ என்கிற அர்த்தத்தில் வருவது கணக்கில் சேராது.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் தன் நாளைப் பற்றி ஐந்து வரி எழுதி அனுப்பியிருக்கிறார், ஆறு ஹேமோடு. திருத்தியது:

“தொரொப், யிவினிப், ஸேய் எஸெப், எஷ்கே கித்தெம்.” நான்கு வினை, ஒரே ஆள், ஆகவே ப் போதும்.

“அவன் வந்ததும் நாங்கள் போனோம்” என்பதற்கு கிலெப் போட்டிருக்கிறீர்கள். வந்தவன் வேறு, போனவர்கள் வேறு. இங்கே கில்கேஸ் வேண்டும்: “உல் கில்கேஸ், பெத் கித்தெக்.” தமிழிலும் “அவன் வந்து நாங்கள் போனோம்” என்றால் இடிக்கும்.

“சாப்பிடவில்லை ஹேம் போனேன்” வேண்டாம். அஷமய் கித்தெம், சாப்பிடாமல் போனேன்.

“வரவில்லை, ஸொன்கி நோய்” என்பது தப்பில்லை. ஆனால் காரணத்தை முன்னால் கொண்டுவந்தால் தனிச்சொல்லே வேண்டாம்: அவுரிகங்க கூரே கில்மேனெ. நோய்ப்பட்டதால் வரவில்லை. கிராமத்தில் எது இயல்பு என்று எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது. அறைத்தோழனுக்குச் செய்தி போட்டிருக்கிறேன், அவன் இப்போது அங்கே ஊரில்தான் டாக்டர்.

12 மார்ச்

பதில் வந்தது. குரல் பதிவு, இரண்டு நிமிடம். “கூரே போடு, அதுதான் எங்கள் பேச்சு, ஸொன்கி புத்தகத்துக்கு” என்று அழகாக விளக்கியிருக்கிறான், முழுக்கப் பாஷ்கீரில். விளக்கும்போது அவன் காரணம் சொன்ன மூன்று இடங்களிலும் கூரேயும் இல்லை, ஸொன்கியும் இல்லை. ருஷ்யனின் ‘பதமு ஷ்த’ தான் இருந்தது. பின்னணியில் பாட்டி ஏதோ சொல்லத் தொடங்குகிறார், “ஏம்மே…” என்று. அதற்குள் அவன் பதிவை நிறுத்திவிட்டான்.